வெள்ளம் வருமோ சாரே?

வெளியூரில் குப்பை கொட்டிக்கொண்டு, வீட்டில் மீன் தொட்டியும் வைத்திருக்கும் நம்மவர்களுக்கு வருஷத்துக்கு ஒரு முறை ஒரு கஷ்டம் வரும். திருவிழாவுக்கு ஊருக்குப் போகணும். செடி என்றால் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போகலாம். நாய் என்றால் காசு வாங்கிக்கொண்டு பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது. மீனை என்ன செய்வது? தொட்டியைத் தூக்கிக்கொண்டு அனந்தபுரி எக்ஸ்பிரஸில் ஏறினால் டி.டி.ஆர். எந்த பெர்த் கொடுப்பார்? :-)

முதலில் ஜாதகம். நான் பரமக்குடிக்காரன். பி.காம். முடித்து வங்கியில் சேர்ந்து, டிரான்ஸ்பர் என்ற பெயரில் நாலு ஊர்த் தண்ணீர் குடித்து, இப்போது திருவனந்தபுரம் பழவங்காடியில் ஜாகை. கணபதி கோயிலில் தேங்காய் உடைக்கும் சத்தம் காலையில் வீடு வரை கேட்கும். அந்தக் கோயிலைப் பராமரிப்பது இந்திய ராணுவம் என்பது வந்த புதிதில் எனக்கு ஆச்சரியம். எட்டி நடந்தால் சாலை பஜார், அங்கே பாதிப் பேர் தமிழ் பேசுவார்கள். ஊர் ஞாபகம் வந்தால் தங்கமணி அங்கே போய் நம்ம ஊர்ப் புளி வாங்கி வருவார், சரியாகிவிடும்.

தொட்டி என் மகளுடையது. மூன்றடி நீளம், ஓரடி அகலம், ஒன்றரையடி உயரம். உள்ளே ஆறு 'மிஸ் கேரளா'. வெள்ளி உடம்பில் ஒரு சிவப்புக் கோடு, அதன் கீழே ஒரு கறுப்புக் கோடு. மலையாளத்தில் செங்கணியான் என்பார்கள். மேற்குத் தொடர்ச்சி மலை ஆறுகளைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக இல்லாத மீன். 1865ல் இதை முதலில் விவரித்தவர் பிரான்சிஸ் டே. அப்போது மதராஸ் கவர்னராக இருந்த வில்லியம் டெனிசன் பெயரை வைத்தார், அதனால் உலகச் சந்தையில் டெனிசன் பார்ப். அழகே அதற்கு எமன் ஆனது. பிடித்துப் பிடித்து விற்றதில் இன்று அழியும் ஆபத்தில் உள்ள இனங்களின் பட்டியலில் இருக்கிறது. வாங்குகிறவர்கள் பண்ணையில் பொரித்த குஞ்சுதானா என்று கேட்டு வாங்குங்கள். மகள் கேட்டுத்தான் வாங்கினாள். இப்போது அவள் கோயம்புத்தூரில் ஹாஸ்டலில். தினமும் ராத்திரி போன் வரும். "சாப்பிட்டியாப்பா?" என்பது இரண்டாவது கேள்வி. முதல் கேள்வி, "எண்ணினியாப்பா? ஆறும் இருக்கா?"

சரி, மேட்டருக்கு வருவோம்.

சித்திரைத் திருவிழா. மதுரையில் மட்டும்தான் அழகர் ஆற்றில் இறங்குவார் என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல்: பரமக்குடியிலும் சுந்தரராஜப் பெருமாள் வைகையில் இறங்குவார். அதற்குப் போகாமல் இருந்தால் அம்மா அடுத்த சித்திரை வரை சொல்லிக் காட்டுவார். பத்து நாள் லீவு சாங்ஷன் ஆகிவிட்டது. ஆனால் சித்திரைதான் தொட்டிக்கு ஆகாத மாதம்.

ஏன் என்றால், செங்கணியான் ஓடும் ஆற்று மீன். குளிர்ந்த, காற்று நிறைந்த தண்ணீர் வேண்டும். 25 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீரில் 8.3 மில்லி கிராம் ஆக்ஸிஜன் கரையும். 32 டிகிரியில் 7.3தான். சூடு ஏற ஏற மீனுக்கு மூச்சுத் தேவை கூடும், வரவு குறையும். பட்ஜெட் மாதிரிதான். அதனால் ஏப்ரல், மே மாதங்களில் தொட்டி மேல் கண்ணாடி மூடியை எடுத்துவிட்டு, மீன் குதிக்காமல் இருக்க வலை போட்டு, பக்கவாட்டில் ஒரு குட்டி ஃபேன் வைத்துவிடுவோம். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகப் போகும்போது சுமார் 580 கிலோ கலோரி வெப்பத்தைக் கூடவே எடுத்துப் போகிறது. நூறு லிட்டர் தண்ணீரை ஆறு டிகிரி குளிரவைக்க அது போதும். அறைச் சூடு மறுபடி உள்ளே வந்துகொண்டே இருப்பதால் நமக்குக் கடைசியில் இரண்டு, மூன்று டிகிரிதான் மிஞ்சும். மீனுக்கு அது போதும்.

ஆனால் குளிர்ச்சிக்கு விலை தண்ணீர். ஃபேன் இல்லாமல் மூடி மட்டும் திறந்திருந்தால் என் தொட்டியில் நாளைக்கு 3 மில்லிமீட்டர் இறங்கும். ஃபேன் ஓடினால் 5. கண்ணாடியில் ஸ்கேல் ஒட்டி ஒரு வாரம் பார்த்து எழுதி வைத்த கணக்கு. (பேங்க்காரன் புத்தி!)

90 செ.மீ. x 30 செ.மீ. தொட்டியில் ஒரு சென்டிமீட்டர் என்பது 2.7 லிட்டர். நாளைக்கு அரை செ.மீ. என்றால் 1.35 லிட்டர். பத்து நாளில் 13.5 லிட்டர், அதாவது 5 செ.மீ. இறக்கம். என் ஃபில்டர் தொட்டியின் விளிம்பில் தொங்குகிற வகை. நாலு செ.மீ. இறங்கினாலே காற்றை இழுக்க ஆரம்பிக்கும். காற்றை இழுத்தால் மோட்டார் காலி. மோட்டார் நின்றால் ஃபில்டர் பஞ்சில் இருக்கும் நல்ல பாக்டீரியா சாகும், அம்மோனியா ஏறும். நான் பரமக்குடியில் ஜிகர்தண்டா குடித்துக்கொண்டிருக்கும்போது இங்கே ஆறு உயிர் போய்விடும். அப்புறம் ராத்திரி போனில் என்ன எண்ணிக்கை சொல்வது?

யாரையாவது தண்ணீர் ஊற்றச் சொல்லலாமே என்பீர்கள். கீழே வீட்டுக்காரர் இருக்கிறார். ரிட்டயர்ட் வாத்தியார், தங்கமான மனிதர். நான் அவரை சார் என்பேன், அவர் என்னை சாரே என்பார். எழுபது தாண்டியவர், முட்டி வலி. அவரை வாளி தூக்கிக்கொண்டு மாடி ஏறச் சொல்வது பாவம். அதனால் தானாகவே தண்ணீர் நிரம்ப ஏற்பாடு செய்யப்போகிறேன் என்று அவரிடம் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது.

"வெள்ளம் வருமோ சாரே?"

மலையாளத்தில் வெள்ளம் என்றால் தண்ணீர். தமிழில் என்ன என்று உங்களுக்குத் தெரியும். அவர் கேட்டது இரண்டு பாஷையிலும் சரியான கேள்விதான். வீடு பழைய காலத்து வீடு, மேல்தளம் மரப்பலகை மச்சு. எங்கள் தொட்டி இருக்கும் அறைக்கு நேர் கீழே அவருடைய அம்மா படுத்திருக்கிறார். வயது தொண்ணூறை நெருங்குகிறது, படுக்கையோடு படுக்கை. மேலிருந்து தண்ணீர் ஒழுகினால் எழுந்து நகரக்கூட முடியாது. நாங்கள் பத்து நாள் ஊரில் இல்லை, கதவு பூட்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மீன் ஒரு பக்கம், அந்த அம்மா ஒரு பக்கம். தராசில் எது கனம் என்று யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆகவே விதி எண் ஒன்று: எது கெட்டுப் போனாலும் ஒரு சொட்டு தரையில் விழக் கூடாது. அதற்கு அப்புறம்தான் மீன்.

இந்த விதியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வழியாகப் பார்த்தேன்.

குழாயிலிருந்து நேராக ஒரு வால்வு போட்டு விடுவது முதல் வழி. ஃப்ளஷ் டேங்கில் இருக்கிற அதே மிதவைதான். நிறையப் பேர் இதைத்தான் முதலில் யோசிப்பார்கள். வேண்டவே வேண்டாம். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும், அது மீனின் செவுளை அரிக்கும். அதைவிட முக்கியம், குழாய்க்கு எல்லை கிடையாது. வால்வு மாட்டிக்கொண்டால் தண்ணீர் வந்துகொண்டே இருக்கும். லிமிட் போடாத ஓவர்டிராஃப்ட் மாதிரி. எந்த மேனேஜரும் கொடுக்க மாட்டார்.

அடுத்தது மின்சார வழி. தொட்டிக்குக் கீழே வாளி, அதில் 12 வோல்ட் குட்டிப் பம்ப், தொட்டியில் ஒரு ஃப்ளோட் சுவிட்ச். மட்டம் இறங்கினால் பம்ப் ஓடும், ஏறினால் நிற்கும். நல்ல ஏற்பாடுதான், கடல்மீன் தொட்டி வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் இதைத்தான் செய்வார்கள். செய்கிறவர்கள் மூன்று விஷயம் கவனிக்கணும். ஒன்று, அந்தக் குட்டி சுவிட்சு வழியாகவே பம்ப் மின்சாரத்தை ஓட்டக் கூடாது. அதன் மெல்லிய தகடுகள் மோட்டார் கிளம்பும் வேகத்தில் ஒட்டிக்கொள்ளும், ஒட்டிக்கொண்டால் பம்ப் நிற்காது. நடுவில் ஒரு ரிலே வேண்டும். இரண்டு, ஒரு சுவிட்ச் போதாது. சற்று உயரத்தில் இன்னொன்று, வரிசையில். முதலாவது ஏமாற்றினால் இரண்டாவது நிறுத்தும். எங்கள் வங்கியில் ஒருவர் என்ட்ரி போட்டால் இன்னொருவர் பாஸ் பண்ணணுமே, அதே தத்துவம். மூன்று, தண்ணீர் விழும் குழாய் முனை தண்ணீர் மட்டத்துக்கு மேலே இருக்கணும். முனை முங்கியிருந்தால் பம்ப் நின்றதும் தண்ணீர் திரும்பி ஓடி, தொட்டி கீழே இருக்கும் வாளிக்குள் இறங்கிவிடும். வாளி நிரம்பி, அப்புறம் தரை.

எனக்கு மின்சார வழி வேண்டாம் என்று பட்டது. கேரளத்தில் சித்திரையில் சாயங்காலம் ஆனால் இடி மின்னல். கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று சொல்ல முடியாது. ஊரில் இல்லாதபோது தண்ணீரையும் ஒயரையும் இன்னும் ஒரு இடத்தில் சேர்த்து வைக்க மனசு வரவில்லை.

கடைசி வழி பூமியின் ஈர்ப்பு. அதற்கு கரண்ட் பில்லும் கிடையாது, பவர் கட்டும் கிடையாது. தொட்டிக்கு மேலே சுவர் ஷெல்ஃபில் ஒரு வாளி. வாளியிலிருந்து கால் இஞ்ச் குழாய். குழாய் முனையில், வாட்டர் ப்யூரிஃபையருக்குள் இருக்குமே, அந்தச் சின்ன மிதவை வால்வு. தொட்டி விளிம்பில் அதை மாட்டிவிட்டால், தண்ணீர் மட்டம் இறங்கும்போது மிதவை இறங்கி வழி விடும். ஏறினால் மூடும். அவ்வளவுதான் மெஷின். சாலை பஜாரில் பிளம்பிங் கடையில் எல்லாம் கிடைத்தது. வால்வு, குழாய், வாளிக்கு ஓட்டை போட்டு மாட்டும் நிப்பிள், வாளி எல்லாம் சேர்த்து 640 ரூபாய்.

இதில் சின்னச் சின்ன நுணுக்கங்கள் உண்டு. வாளி ஓட்டையை அடிமட்டத்தில் போடாமல் இரண்டு விரல் மேலே போட்டால் அடியில் தங்கும் கசடு குழாய்க்குள் போகாது. வெளிச்சம் புகாத நிறத்தில் வாளி வாங்கினால் பாசி பிடிக்காது. வாளிக்கு இறுக்கமான மூடி வேண்டும், ஏனென்றால் இந்த ஊரில் கொசு ஒரு பெரிய அரசியல் கட்சி. ஆனால் மூடியில் ஒரு குண்டூசித் துளையாவது வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே காற்று போகாமல் தண்ணீர் இறங்குவது நின்றுவிடும். துளை மேல் கொசுவலைத் துண்டு ஒட்டியாயிற்று. வாளித் தண்ணீரை முந்தின நாளே பிடித்து, மூடாமல், ஏர் பம்ப் விட்டு ஒரு நாள் வைத்திருந்தால் சாதாரண குளோரின் பறந்துவிடும். அவசரமென்றால் மீன் கடையில் விற்கும் குளோரின் முறிக்கும் சொட்டு மருந்து.

இப்போது முக்கியமான கேள்வி. வாளி எவ்வளவு பெரிசு?

பத்து நாளுக்கு 13.5 லிட்டர் வேண்டும், ஆகவே 20 லிட்டர் கேன் வாங்கிவிடலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். அங்கேதான் விதி எண் ஒன்று குறுக்கே நிற்கும். மிதவை மேல் ஒரு நத்தை ஏறி உட்கார்ந்தால் போதும், வால்வு மூடாது. அப்போது வாளியில் உள்ள அத்தனையும் தொட்டிக்குள் வரும். வரட்டும். ஆனால் தொட்டி அதைத் தாங்கணும். என் தொட்டி உயரம் 45 செ.மீ., தண்ணீர் 40 வரை. மேலே காலி இடம் 5 செ.மீ. x 2.7, அதாவது 13.5 லிட்டர். வாளி இதற்குள்தான் இருக்கணும், ஓரத்துக்கும் கொஞ்சம் மிச்சம் வைக்கணும். பத்து லிட்டர் வாளி எடுத்தேன். அடிக் கசடு போக ஒன்பது லிட்டர் இறங்கும். முழுக்க இறங்கினாலும் மட்டம் 3.3 செ.மீ.தான் ஏறும். இன்னும் 1.7 செ.மீ. பாக்கி.

அப்படியென்றால் வரவு 9, செலவு 13.5. நாலரை லிட்டர் துண்டு விழுகிறது. விழட்டும். பத்தாம் நாள் மட்டம் 1.7 செ.மீ. குறைந்திருக்கும், ஃபில்டருக்கு அது ஒரு பொருட்டில்லை. மீனுக்கு நிறைவாக இல்லாவிட்டாலும் போதுமானது. கீழே இருக்கும் அம்மாவுக்கு முழுப் பாதுகாப்பு.

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு ஸ்ட்ரெஸ் டெஸ்ட். வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி வைக்கச் சொல்லும் பரீட்சை: எல்லாமே ஒரே நாளில் மோசமாகப் போனால் நீ நிற்பாயா? வீட்டுக்காரரை மாடிக்கு அழைத்து நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். தங்கமணி காபி கொடுத்தார். அவர் கண்ணெதிரே மிதவையை ரப்பர் பேண்டால் கீழே இழுத்துக் கட்டினேன். வால்வு முழுத் திறப்பு. வாளி இறங்க இறங்க அவர் காபியைக் குடிக்காமல் தொட்டி விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசிச் சொட்டும் வந்து நின்றது. ஸ்கேலை வைத்துக் காட்டினேன். விளிம்புக்கு ஒன்றரை செ.மீ.க்கு மேலேயே இருந்தது. தரை காய்ந்தே இருந்தது.

"குழப்பமில்ல சாரே" என்றார். பிரச்னை இல்லை என்று அர்த்தம். அப்புறம்தான் காபி ஆறிப் போனதைக் கவனித்தார்.

தீனிக்கு டைமர் வைத்த டப்பா ஒன்றை மாட்டிவிட்டுக் கிளம்பினோம். வீட்டுக்காரர் தினமும் சாயங்காலம் வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ அனுப்பினார். மீன் இல்லை. அவர் வீட்டு மச்சு! அம்மா கட்டிலுக்கு மேலே, காய்ந்த மரப்பலகை. நானும் கட்டை விரலைத் தூக்கிக் காட்டி பதில் போட்டேன். மகள் கோயம்புத்தூரிலிருந்து நேராகப் பரமக்குடிக்கு வந்திருந்தாள். அவளும் அந்தப் பலகைப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "பாட்டிக்கு ஒண்ணும் ஆகலைல்ல?" என்றாள். நாலாம் நாள் "கரண்டு போயி" என்று செய்தி. மூன்று மணி நேரம் ஃபேனும் ஃபில்டரும் நின்றன. வாளியும் மிதவையும் அவை பாட்டுக்கு இருந்தன.

இந்தக் கதையை அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன். அம்மா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "ஆறு மீனுக்குத் தண்ணி தானா ஊத்துதாக்கும்? ஆறு குடத்துக்கு நாங்க ராத்திரி ரெண்டு மணிக்கு எந்திரிச்சு வரிசையில நின்னோம்டா" என்றார். கோபம் இல்லை. சும்மா கணக்குச் சொன்னார். நான் பதில் எதுவும் சொல்லவில்லை. திருவனந்தபுரத்தில் 1933லேயே அருவிக்கரையிலிருந்து கரமனை ஆற்றுத் தண்ணீர் குழாயில் வந்துவிட்டது. எங்கள் தெருவில் நான் ஐந்தாவது படிக்கும்போதும் குடம்தான்.

பதினோராம் நாள் காலை பழவங்காடி வந்து செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் எண்ணினேன். ஆறு. மட்டம் ஒன்றரை செ.மீ. குறைவு, கணக்குக்குப் பக்கத்திலேயே. மகளுக்கு போன் போட்டு எண்ணிக்கையைச் சொன்னேன்.

இந்த ஏற்பாட்டில் எல்லாரும் மறந்துபோகும் ஒரு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். ஆவியாகப் போவது சுத்தமான தண்ணீர் மட்டும். அதில் கரைந்த உப்பு, சுண்ணாம்பு எல்லாம் தொட்டியிலேயே தங்கும். நாம் ஊற்றும் ஒவ்வொரு லிட்டரும் இன்னும் கொஞ்சம் உப்பைச் சேர்க்கும். இது கூட்டு வட்டி இல்லை, தனி வட்டி. ஆனால் வட்டி வட்டிதான்.

இங்கே குழாய்த் தண்ணீர் மென்மையானது. என் டி.டி.எஸ். மீட்டரில் 60 காட்டுகிறது. நூறு லிட்டர் தொட்டிக்கு நாளைக்கு 0.8 லிட்டர் வீதம் நூறு நாள் ஊற்றினால் 80 லிட்டர். 60 என்பது 108 ஆகும். மோசமில்லை. இதையே எங்கள் ஊர் போர்த் தண்ணீரில், 1200 என்று வைத்துச் செய்து பாருங்கள். நூறு நாளில் 2160! கல் உப்பு போடாமலே கடல் மீன் வளர்க்கலாம். அதனால் மதுரை, ராமநாதபுரம், சென்னை போர்க்காரர்கள் வாளியில் ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றுங்கள். வாரா வாரம் கால் பங்குத் தண்ணீரை எடுத்துவிட்டுப் புதுசு மாற்றுவதை விடாதீர்கள். அப்படி மாற்றினால் என் தொட்டியில் 60 என்பது 73 பக்கத்தில் போய் நின்றுவிடும், மேலே ஏறாது. அசலைக் கட்டுகிறவனுக்கு வட்டி பயம் இல்லை.

இன்னொன்று. மழைக்காலத்தில், குளிர்காலத்தில், ஃபேன் தேவைப்படாத நாட்களில், ஒரு வாரப் பயணத்துக்கு இந்த வாளி வால்வு எதுவும் வேண்டாம். கண்ணாடி மூடியைப் போட்டுவிட்டுப் போங்கள். என் தொட்டியில் மூடி போட்டால் நாளைக்கு ஒரு மில்லிமீட்டர்கூட இறங்குவதில்லை. 640 ரூபாய் மிச்சம்.

வாளி இப்போதும் ஷெல்ஃபிலேயே இருக்கிறது. 2024 செப்டம்பரில் ரயில் இரட்டைப் பாதை வேலைக்காகப் பெரிய குழாயை மாற்றிப் போட்டார்களே, நகரத்தின் பல பகுதிகள் நாலைந்து நாள் தண்ணீர் இல்லாமல் கிடந்தனவே, அதற்கப்புறம் வாளியில் எப்போதும் ஒன்பது லிட்டர் இருப்பது தங்கமணிக்கும் பிடித்துவிட்டது. சில நாள் அதிலிருந்தே பாத்திரம் கழுவக் கேட்கிறார். மீனுக்கு ஒதுக்கிய நிதியை வேறு தலைப்புக்கு மாற்ற முடியாது என்று சொல்லிப் பார்க்கிறேன். ஹூம், எடுபடவில்லை.

டிஸ்கி: இதைப் பார்த்துச் செய்கிறவர்கள் முதலில் உங்கள் தொட்டியின் நீளம், அகலம், மேலே உள்ள காலி உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் அளந்து, பெருக்கி, ஆயிரத்தால் வகுங்கள். வரும் லிட்டரில் முக்கால் பங்குக்கு மேல் வாளி வாங்காதீர்கள். கீழ் வீட்டில் யார் படுத்திருக்கிறார்கள் என்பதை வால்வு அறியாது. நாம்தான் அறியணும்.